குளிரில் கோழி இறகு உதிர்த்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஐப்பசி பிறந்தால் போதும், ஊட்டி, கோத்தகிரி, குன்னூர் சுற்றுவட்டாரத்தில் வீட்டுக்கோழி வைத்திருப்பவர்கள் ஒரே கேள்வியோடு வருவார்கள்: "அண்ணா, கோழி மொட்டையாயிட்டே வருது, என்ன மருந்து கொடுக்கறது?" பெரும்பாலும் எந்த மருந்தும் வேண்டாம் என்பதுதான் பதில். ஒன்றேகால், ஒன்றரை வயது தாண்டிய கோழி ஆண்டுக்கு ஒருமுறை பழைய இறகைத் தள்ளிவிட்டுப் புதிது போட்டுக்கொள்ளும். சமவெளியில் அது நடப்பதே பலர் கண்ணில் படாது. மலையில் நேரங்கெட்ட நேரத்தில் வந்து சேர்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் மஞ்சும். மழை ஓய்ந்ததும் தலைகுந்தா, அவலாஞ்சி, காந்தல் போன்ற பள்ளமான இடங்களில் புல்லெல்லாம் வெளுத்துப்போகும் அளவுக்கு உறைபனி.

இரண்டில் கோழிக்கு ஆபத்து அதிகம் மழைக்காலக் குளிர்தான். காய்ந்த குளிரை அரை மொட்டைக் கோழிகூடத் தாங்கிவிடும். ஈரமும் காற்றும் சேர்ந்தால் தாங்காது. கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும் இதை மனதில் வையுங்கள்.

## எதற்கும் முன்னால்: ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள்

பகலில் துரத்திப் பிடிக்காதீர்கள். இருட்டி, கோழிகள் ராத்திரி உட்காரும் கட்டையில் அடைந்த பிறகு, டார்ச் வெளிச்சத்தில் இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி எடுங்கள். விரலால் அழுத்த வேண்டாம். இந்தச் சமயத்தில் தோலுக்கு அடியிலிருந்து வரும் முள், அதாவது இன்னும் விரியாத புது இறகு, ஒவ்வொன்றிலும் ரத்தம் ஓடும். தொட்டாலே வலிக்கும். வழக்கமாக மடியில் உட்காரும் கோழி இப்போது கையைக் கண்டு ஓடுவது இதனால்தான்.

வாயால் மெல்ல ஊதினால் இறகு விலகித் தோல் தெரியும். பார்க்க வேண்டியவை:

- வெற்றிடத்தில் கருநீலமாகவோ வெள்ளையாகவோ முள் முளைத்திருக்கிறதா?
- மார்பெலும்பின் இரு பக்கமும் சதை இருக்கிறதா, கத்தி முனை போல எலும்பு மட்டும் தட்டுப்படுகிறதா?
- எச்சவாயைச் சுற்றி ஏதாவது ஊர்கிறதா? எச்சம் ஒட்டிக் காய்ந்திருக்கிறதா?
- கழுத்தடியில் தீனிப்பை நிறைந்திருக்கிறதா?

கொண்டை வெளிறியிருந்தால் பயப்பட வேண்டாம். முட்டை நின்ற கோழிக்குக் கொண்டை சுருங்கி வெளிறத்தான் செய்யும். முள் இருக்கிறது, சதை இருக்கிறது, தீனி எடுக்கிறது என்றால் உங்கள் கோழிக்கு நோய் இல்லை. முதல் அறிகுறிக்குப் போங்கள். முள் இல்லையென்றால் இரண்டாவதற்கு. நடுங்கினால் நேராக மூன்றாவதற்கு.

## அறிகுறி 1: இறகு கொட்டுகிறது, முள் முளைக்கிறது, கோழி தெம்பாக இருக்கிறது

இது சாதாரண இறகு உதிர்ப்பு. தலையில் தொடங்கிக் கழுத்து, மார்பு, முதுகு, இறக்கை என்று இறங்கி வாலில் முடியும். முழுதும் முடிய 8 முதல் 12 வாரம் ஆகும். சில கோழி ஒரே வாரத்தில் தலையணையைக் கிழித்த மாதிரி கொட்டிவிடும், பார்ப்பவர்கள் பயந்துபோவார்கள். சில கோழி ஒவ்வொன்றாக உதிர்த்து நான்கு மாதம் இழுக்கும். மொத்தமாகக் கொட்டும் கோழிதான் பெரும்பாலும் சீக்கிரம் இறகு போட்டு முட்டைக்கும் சீக்கிரம் திரும்பும். ஆனால் குளிர் முற்றிய மாதத்தில் அதற்குத்தான் கவனிப்பும் அதிகம் தேவை.

எல்லாக் கோழியும் ஒரே மாதத்தில் உதிர்க்காது. பகல் பொழுது குறைவது ஒரு காரணம். நம் பக்கம் ஜூனில் பன்னிரண்டே முக்கால் மணி நேரம் இருக்கும் பகல் டிசம்பரில் பதினொன்றரை மணி நேரமாகக் குறைகிறது. அடை காத்துக் குஞ்சு வளர்த்து முடித்த நாட்டுக்கோழி மாதம் பார்க்காமல் அதன்பின் உதிர்க்கும். ஆகவே கார்த்திகையில் இறகு உதிர்ப்பதைத் தவிர்க்க வேண்டுமென்றால், புரட்டாசி வாக்கில் அடைக்கு வைக்காமல் இருப்பது ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது.

செய்ய வேண்டியது தீவனத்தில்தான். இறகில் 85 சதவீதத்துக்கு மேல் புரதம். நொய்யரிசியும் மக்காச்சோளமும் வீட்டுச் சோறும் மட்டும் தின்னும் கோழிக்குக் கிடைப்பது 8, 9 சதவீதப் புரதம். முட்டைக்கோழிக்கென்று விற்கும் லேயர் தீவனத்தில் 16 சதவீதம் சொச்சம். இறகு போடும் கோழிக்கு 18 முதல் 20 வேண்டும்.

- ஒன்பது பங்கு லேயர் தீவனத்தோடு ஒரு பங்கு கடலைப் புண்ணாக்கோ சோயாப் புண்ணாக்கோ பொடித்துக் கலந்தால் 18 தாண்டிவிடும். கடலைப் புண்ணாக்கு போடுபவர்கள் அதில் பாதியை எள்ளுப் புண்ணாக்காக மாற்றினால் இன்னும் நல்லது. இறகுக்கு முக்கியமான மெத்தியோனின் என்ற புரதக் கூறு கடலையில் குறைவு, எள்ளில் அதிகம்.
- கறிக்கோழிக்குக் கடைசிக் கட்டத்தில் போடும் பிராய்லர் பினிஷர் தீவனம் கிடைத்தால் லேயர் தீவனத்தோடு பாதிக்குப் பாதி. பையில் தைத்திருக்கும் சீட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள். மருந்து கலந்தது என்றிருந்தால் முட்டையிடும் கோழிகள் அதைத் தின்னக் கூடாது.
- வேகவைத்த முட்டை, மண்புழு, கிடைத்தால் கரையான். சமவெளிக்காரர்கள் பானை கவிழ்த்துக் கரையான் பிடிக்கும் முறை இங்கே குளிர்மாதங்களில் கைகொடுக்காது, அதை நம்பியிருக்க வேண்டாம்.
- சமையலுக்கு வாங்கும் கருவாடு வேண்டவே வேண்டாம். அதிலுள்ள உப்பு கோழிக்கு விஷம். தீவனக் கடையில் விற்கும் உப்பில்லாத மீன்தூள் என்றால் சரி.

புண்ணாக்கு வாங்குவதில் மலைக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் ஈரத்தில் இரண்டு வாரம் திறந்து வைத்தால் கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சைப் புண்ணாக்கு கோழியின் ஈரலைக் கெடுக்கும். மக்கு வாடை வந்தாலும், பச்சை பூத்திருந்தாலும் கழுவிக் காயவைத்துப் போடும் யோசனை வேண்டாம், எருக்குழியில் கொட்டுங்கள். அரைக் கிலோ அரைக் கிலோவாக வாங்கிக் காற்றுப்புகாத டப்பாவில் வைப்பது நல்லது.

முட்டை நின்றிருக்கும்போது சுண்ணாம்புச் சத்து அதிகம் தேவையில்லை. கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டிய கோழி தானே கொத்திக்கொள்ளும். மிளகு, மஞ்சள், சீரகம் கலந்து கொடுப்பவர்கள் கொடுக்கட்டும், கெடுதல் இல்லை. ஆனால் அது இறகு முளைக்க வைக்காது.

## அறிகுறி 2: வெற்றிடம் இருக்கிறது, முள் முளைக்கவில்லை

இது இறகு உதிர்ப்பாக இருக்க வாய்ப்புக் குறைவு. எந்த இடம் மொட்டை என்பதைப் பார்த்தாலே காரணம் பாதி தெரிந்துவிடும்.

### முதுகும் பிடரியும் மட்டும்

சேவல் மிதித்தது. இறகு உதிராமல் தண்டோடு ஒடிந்திருக்கும். ஒரு சேவலுக்கு மூன்று நான்கு பெட்டைதான் என்றால் இது நடக்கும். குளிர் முடியும்வரை சேவலைத் தனியே அடையுங்கள். செலவில்லாத வைத்தியம். பலர் இதைச் செய்ய மனமில்லாமல் எண்ணெய் தடவிக்கொண்டே இருக்கிறார்கள்.

### எச்சவாயைச் சுற்றி, வயிற்றடியில்

செள்ளு, பேன். இறகின் அடித்தண்டில் கொத்துக் கொத்தாக வெள்ளை முட்டை ஒட்டியிருந்தால் பேன். தோல் அழுக்காகக் கறுத்து, கையில் ஏதோ ஊர்கிற மாதிரி இருந்தால் செள்ளு. கோழி உடம்பில் ஒன்றுமே காணோம், ஆனால் ராத்திரியில் கோழிகள் நிலைகொள்ளாமல் இருக்கின்றன என்றால் கட்டையின் இடுக்கையும் ஆணித் துளையையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒருவகைச் செள்ளு பகலில் மரத்தில் ஒளிந்துகொண்டு ராத்திரியில் மட்டும் ஏறி ரத்தம் குடிக்கும். வெள்ளைத் துணியால் கட்டையின் அடிப்பக்கத்தை அழுத்தித் துடைத்தால் சிவப்புக் கறை படியும்.

முதலில் சாம்பல் குளியல். நனையாத இடத்தில் அகலமான தொட்டி, அதில் ஆறிய விறகுச் சாம்பலும் காய்ந்த மண்ணும். பிளாஸ்டிக், பெயிண்ட் அடித்த பலகை எரித்த சாம்பல் கூடாது. மழைக்காலத்தில் வெளியே காய்ந்த மண்ணே கிடைக்காததால்தான் இந்த மாதங்களில் செள்ளு பெருகுகிறது. கூடவே கூண்டுத் தரையில் பரப்பிய கூளம் முழுவதையும் வாரி வெளியே கொட்டி, கட்டையில் வெந்நீர் ஊற்றிக் காயவிட்டு வேப்பெண்ணெய் பூசுங்கள். கோழியை மருந்துத் தண்ணீரில் முக்கி எடுப்பது வெயில் காலத்துக்கு மட்டும். மார்கழியில் அரை மொட்டைக் கோழியை நனைத்தால் செள்ளுக்கு முன்னால் கோழி போய்விடும்.

ஒரு வாரத்தில் குறையவில்லை என்றால் கால்நடை மருந்தகத்தில் தூவும் மருந்து கேளுங்கள். பேன் முட்டை மருந்துக்குச் சாகாது என்பதால் ஏழிலிருந்து பத்து நாள் கழித்து மறுபடி தூவ வேண்டும். எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாது என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

### கழுத்தின் முன்புறம் மட்டும்

தீவனத் தொட்டியின் விளிம்போ கம்பி வலையோ உரசியது. தொட்டியை மாற்றுங்கள்.

### மார்பு மட்டும்

அடைக்கோழி தானே பிடுங்கிக்கொண்டது. ஒன்றும் செய்ய வேண்டாம்.

### உடம்பெல்லாம், அதுவும் வாங்கி வந்த நாளிலிருந்தே

நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் முட்டைக்காலம் முடிந்து கழித்த வெள்ளை லேயர் கோழிகள் மலைக்கும் விற்பனைக்கு வருகின்றன. அவை கூண்டுக் கம்பியில் உரசி உரசி மொட்டையானவை. வெப்பமான ஊரில் வளர்ந்து, திடீரென்று 8 டிகிரி ராத்திரியில் இறக்கப்படுகின்றன. இந்தக் கோழிகளை அக்டோபருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் வாங்காதீர்கள் என்பதே என் கருத்து. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் அவற்றை மூன்றாவது அறிகுறியில் சொல்லும் கோழியாகவே வைத்துப் பாருங்கள்.

கழுத்தில் பிறவியிலேயே இறகில்லாத கிராப்புக் கோழிக்கு உடம்பு முழுக்கவே இறகு குறைவு. மொட்டைக் கழுத்து நோயில்லை, ஆனால் குளிர் மற்றக் கோழிகளைவிட அதற்கு முதலில் உறைக்கும்.

## அறிகுறி 3: நடுங்குகிறது, ஒடுங்கி ஒரு மூலையில் நிற்கிறது

இங்கேதான் கோழிகள் சாகின்றன. பெரும்பாலும் கூண்டில்தான் காரணம் இருக்கும், கோழியிடம் இல்லை. எளிதானதிலிருந்து தொடங்குங்கள்.

### கோழி நனைந்திருக்கிறதா?

முதுகில் கை வையுங்கள். ஈரமாக இருந்தால் மற்ற எதையும் யோசிக்காமல் வீட்டுக்குள் எடுத்து வாருங்கள். துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். அட்டைப்பெட்டியில் சாக்கு விரித்து, வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு பக்கமாக வையுங்கள். சூடு அதிகமானால் கோழி விலகி நிற்க இடம் வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் வெல்லம் கரைத்து, அலகின் நுனியை அதில் நனைத்துக் காட்டுங்கள், தானாகக் குடிக்கும். வாயைத் திறந்து ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய்விடும்.

### எங்கிருந்து நனைந்தது?

கூரை ஒழுகவில்லையே என்பார்கள். விடிகாலை ஐந்து மணிக்குப் போய்த் தகரத்தின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். கோழிகள் விட்ட மூச்சும் எச்சத்தின் ஈரமும் குளிர்ந்த தகரத்தில் பட்டு முத்து முத்தாகக் கோத்து நிற்கும். ஒவ்வொன்றாகக் கீழே கட்டையில் உட்கார்ந்திருக்கும் முதுகில் சொட்டும். மூடி மூடி அடைத்த கூண்டில்தான் இது அதிகம். குளிருக்குப் பயந்து எல்லா இடைவெளியையும் அடைத்தவர்கள் வீட்டுக் கோழிதான் நனைந்து நடுங்கும்.

கூரைக்குக் கீழே, கோழியின் தலைக்கு மேலே, இரண்டு பக்கமும் ஒரு சாண் அகலத்துக்குத் திறந்து வலை அடியுங்கள். தகரத்துக்கு அடியில் மூங்கில் பாயோ சாக்கோ இழுத்துக் கட்டினால் சொட்டு நேரே முதுகில் விழாது. தெர்மாகோல் வைக்காதீர்கள், கொத்தித் தின்றுவிடும்.

### காற்று அடிக்கிறதா?

கட்டை உயரத்தில் ஓர் ஊதுவத்தியைப் பற்றவைத்துப் பிடியுங்கள். புகை நேராக மேலே போனால் நல்லது. பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனால் அந்தத் திசையில் இருக்கும் இடுக்கை அடைக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்து உரச் சாக்கை நன்றாகக் கழுவிக் காயவைத்து, காற்று வரும் பக்கம் கட்டையின் உயரம் வரை இரட்டையாகத் தைத்துத் தொங்கவிட்டால் போதும். அதற்குமேல் திறந்தே இருக்கட்டும்.

### தரை, கட்டை

கூளத்தை ஒரு கைப்பிடி அள்ளிப் பிழியுங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். குனிந்து கோழி நிற்கும் உயரத்தில் முகத்தை வைத்து மூச்சிழுங்கள். கண் எரிந்தால் எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா வாயு சேர்ந்துவிட்டது, இந்த மாதங்களின் சளிக்கு அதுதான் வாசல். மேல்கூளத்தை வாரிவிட்டு மரச்சீவலோ நெல் உமியோ நான்கைந்து அங்குலத்துக்குப் போடுங்கள். இங்கே மர அறுவை மில்லில் சீவல் எளிதாகக் கிடைக்கும். பொடித் தூளாக இல்லாமல் சுருள் சுருளான சீவலாகக் கேளுங்கள்.

கட்டை உருண்டைக் கம்பாகவோ இரும்புக் குழாயாகவோ இருந்தால் மாற்றுங்கள். இரண்டு, மூன்று அங்குலம் அகலமுள்ள தட்டையான மரமாக இருந்தால் கோழி உட்காரும்போது மார்பு விரல்களை மூடிக்கொள்ளும்.

### வெறும் வயிறா?

அடையும் நேரத்தில் தீனிப்பை தொட்டால் எலுமிச்சம்பழம் அளவுக்காவது நிறைந்திருக்க வேண்டும். இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஒரு கோழிக்கு ஒரு சிறங்கை மக்காச்சோளமோ கம்போ போடுங்கள். அது ராத்திரி முழுக்கச் செரித்துச் சூடு கொடுக்கும். பகலில் இதைப் போடாதீர்கள், புரதத் தீனிக்கு வயிற்றில் இடமிருக்காது. காலையில் தண்ணீர் வெதுவெதுப்பாக. உறைபனி விழுந்த காலையில் வெயில் புல்லில் படும்வரை கதவைத் திறக்க வேண்டாம்.

### இவ்வளவும் சரி, ஆனாலும் நடுங்குகிறது

உடம்பில் பாதிக்குமேல் மொட்டை என்றால் அந்தக் கோழியை மட்டும் ராத்திரியில் வீட்டுத் தாழ்வாரத்தில் பஞ்சாரம் போட்டுக் கவிழ்த்து, மேலே சாக்கு மூடி வையுங்கள். பகலில் மற்றக் கோழிகளோடு விடுங்கள். அதிகமாகப் போனால் இரண்டு மூன்று வாரம். அதற்குள் முள் வெடித்து இறகு விரிந்துவிடும்.

குண்டு பல்பு போடலாமா என்று கேட்பார்கள். நான் போடச் சொல்வதில்லை. காய்ந்த கூளத்துக்கு மேல் சூடான பல்பு தீப்பிடிக்கும் வேலை. தவிர, காற்று மழை அடிக்கும் ராத்திரியில்தான் மலையில் கரண்ட் போகும். பல்புச் சூட்டுக்குப் பழகிய மொட்டைக் கோழி நடுராத்திரியில் திடீரென்று குளிரில் மாட்டிக்கொள்ளும். கரி போட்ட கணப்பை மூடிய கூண்டில் வைப்பது அதைவிட மோசம். மணமில்லாத நச்சுப்புகை காலைக்குள் எல்லாக் கோழியையும் முடித்துவிடும். வீட்டுத் தாழ்வாரம் அடைத்ததாக இருந்தால் உங்களுக்கும் அதே ஆபத்து. கோழிக்குத் துணிச்சட்டை தைத்துப் போடுவதும் வேண்டாம். முளைக்கும் முள்ளில் துணி அழுத்தினால் வலி, ஒடிவு, உள்ளே ஈரம்.

மருத்துவரைக் கூப்பிட வேண்டியது எப்போது: சூடாக்கி, காயவைத்து, நான்கைந்து மணி நேரம் கழித்தும் எழுந்து நிற்கவில்லை, தீனியைத் திரும்பிப் பார்க்கவில்லை என்றால். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

## அறிகுறி 4: முள் ஒடிந்து ரத்தம் வருகிறது

ரத்தம் நிறைய வருவது போலத் தெரியும், பதறாதீர்கள். சுத்தமான துணியால் அந்த இடத்தை இரண்டு விரலால் சேர்த்துப் பிடித்து ஐந்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. நின்றதும் மக்காச்சோள மாவோ மஞ்சள் தூளோ அப்பி, அன்று முழுவதும் தனியே வையுங்கள். சிவப்பைக் கண்டால் மற்றக் கோழிகள் விடாது.

கால் மணி நேரம் அழுத்தியும் நிற்கவில்லை என்றால் ஒடிந்த முள்ளை அடியோடு பிடுங்கினால்தான் நிற்கும். இறக்கை முள் எலும்போடு ஒட்டி இறங்கியிருக்கும். அதை அனுபவமில்லாமல் இழுத்தால் எலும்பு விரிசல் விடலாம். அதை மருத்துவர் செய்யட்டும்.

## அறிகுறி 5: மற்றக் கோழிகள் கொத்தித் தின்கின்றன

உதிர்ந்த இறகைத் தரையிலிருந்து பொறுக்கித் தின்றால் புரதம் போதவில்லை என்று கொள்ளுங்கள். தீவனத்தைச் சரிசெய்தால் பத்து நாளில் நிற்கும். உடம்பிலிருந்தே பிடுங்கித் தின்றால் இட நெருக்கடியையும் பாருங்கள். கூண்டுக்குள் ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடியாவது வேண்டும். மழைக்கு நாள் முழுக்க அடைத்து வைத்தால் அதுவும் போதாது.

முட்டைக்கோஸை முழுசாகக் கயிற்றில் கட்டி, கோழி எட்டிக் கொத்தும் உயரத்தில் தொங்கவிடுங்கள். கேரட் தழையும் ஆகும். காய்கறித் தோட்டங்களில் மருந்தடித்த வெளி இலைகளை உரித்துவிட்டு உள்ளே இருப்பதைக் கொடுங்கள். கொத்துப்பட்ட இடத்தில் மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவினால் கசப்புக்கு விலகும். தடவும்போது முள் இருக்கும் இடத்தை விட்டுவிடுங்கள்.

தனியே பிரிக்க வேண்டியது கொத்தும் கோழியை. கொத்துப்பட்டதைப் பிரித்துவிட்டு இரண்டு வாரம் கழித்துக் கொண்டுவந்து விட்டால் புதிதாக வந்த கோழி என்று நினைத்து இன்னும் மோசமாக விரட்டும். தோல் கிழிந்து சதை தெரிந்தால் தையல் வேண்டியிருக்கும், மருந்தகத்துக்கு எடுத்துப் போங்கள்.

## அறிகுறி 6: முட்டை நின்றுவிட்டது

இறகு கொட்டுகிறது, முட்டையும் இல்லை என்றால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. தின்பதெல்லாம் இறகுக்குப் போகிறது. மாசி, பங்குனி வாக்கில் திரும்பும். விளக்குப் போட்டுப் பகலை நீட்டி முட்டை வாங்கப் பார்க்காதீர்கள், அரைகுறை இறகோடு முட்டையிடத் தொடங்கும் கோழி இரண்டிலும் இளைக்கும்.

இறகு கொட்டவில்லை, முட்டை மட்டும் நின்றது என்றால் முதலில் புதர், வைக்கோல் போர், விறகு அடுக்கு எல்லாம் தேடுங்கள். கீரியும் எலியும் எடுக்கின்றனவா என்றும் பாருங்கள். அடிவயிறு பருத்து, பெட்டை முக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றால் முட்டை உள்ளே சிக்கியிருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டியது.

## அறிகுறி 7: நான்கு மாதமாகியும் இறகு முழுதாக வரவில்லை

தீவனத்தை ஏற்கெனவே திருத்திவிட்டீர்கள், செள்ளும் இல்லை என்றால் அடுத்தது குடற்புழு. மார்பெலும்பு துருத்தும், முகம் வெளிறும், தின்றும் தேறாது. இரண்டு மூன்று கோழிகளின் புது எச்சத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு மருந்தகத்துக்குப் போனால் பரிசோதித்துச் சொல்வார்கள். கடையில் கேட்டு நீங்களே வாங்கிப் போடாதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பென்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்து, இறகு வளரும் சமயத்தில் கொடுத்தால் வளர்ந்து வரும் இறகைக் கோணலாக்கிவிடும். கோழி இறகு உதிர்ப்பில் இருக்கிறது என்று மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், வேறு மருந்து தருவார்.

ஐந்து, ஆறு வயதுக் கோழி என்றால் மெதுவாகத்தான் வரும். பொறுத்திருங்கள்.

## அறிகுறி 8: கொண்டை நுனி கறுக்கிறது

உறைபனிக்குப் பின் நுனி மட்டும் கறுத்துக் காய்ந்தால் குளிர் கடித்தது. பெரிய கொண்டை உள்ள லெகார்ன் வகையில் வரும். தேய்க்க வேண்டாம், வெட்ட வேண்டாம், கூண்டின் ஈரத்தைக் குறைத்தால் அதற்குமேல் பரவாது. கொண்டையிலும் கண்ணோரத்திலும் மரு மருவாகப் பொருக்குத் தட்டினால் அம்மை. அந்தக் கோழியைப் பிரித்து வைத்துவிட்டு மருத்துவரைக் கேளுங்கள். கொண்டை முழுதும் நீலம் பாரித்தால் கீழே படியுங்கள்.

## அறிகுறி 9: தும்மல், முக வீக்கம், பச்சைக் கழிச்சல், கழுத்துத் திருகல்

இவற்றில் எதுவும் இறகு உதிர்ப்பின் அறிகுறி இல்லை. "இறகு கொட்டுற நேரம், அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிட்டுப் பிறகு கூண்டையே காலி செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தும்மலும் மூக்கில் நீரும் மட்டும் என்றால் அம்மோனியாவைச் சரிசெய்து, கோழியைப் பிரித்து வைத்து இரண்டு நாள் பார்க்கலாம். முகம் வீங்கினாலோ மூச்சில் கரகரப்புக் கேட்டாலோ காத்திருக்க வேண்டாம்.

வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து, தலை தொங்கி, கழுத்துத் திருகினால் வெள்ளைக்கழிச்சல் என்று சந்தேகிக்க வேண்டும். அதற்கு மருந்து கிடையாது, தடுப்பூசி மட்டும்தான். கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரி வாக்கில் கிராமங்களில் முகாம் நடத்துகிறது. நம் கோழிகள் அப்போது பாதி இறகில் நிற்கும் என்பதால், எந்தக் கோழிக்கு இப்போது போடலாம், எதற்குச் சில வாரம் தள்ளலாம் என்று முகாமுக்கு வரும் மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். முகாமையே தவறவிடாதீர்கள்.

மனிதர்களுக்கான ஆன்டிபயாடிக் மாத்திரையைக் குடிதண்ணீரில் கரைத்து வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அது வெள்ளைக்கழிச்சலைத் தொடாது, முட்டை வழியாக உங்கள் குழந்தைகளுக்குத்தான் போகும்.

ஒரே நாளில் இரண்டு, மூன்று கோழி திடீரென்று செத்தாலோ, கொண்டையும் காலும் நீலம் பாரித்தாலோ, செத்த கோழியை அறுக்கவும் வேண்டாம், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம், ஓடையில் வீசவும் வேண்டாம். கையுறையோ பிளாஸ்டிக் பையோ போட்டு எடுத்து, நாய் தோண்ட முடியாத இடத்தில் மூடி வைத்துவிட்டு, பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தாலும் நடமாடும் கால்நடை மருத்துவக் குழுவை அனுப்புவார்கள். அவர்கள் வந்து பார்க்கும்வரை மீதமுள்ள கோழிகளை வெளியே விடாதீர்கள், பக்கத்து வீட்டிலும் சொல்லிவிடுங்கள்.